பருப்பு, செருப்பு, நெருப்பு

தமிழ் ஐயாவின் எண்பதாவது பிறந்தநாள் மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லி மூன்று வாரமாக என்னை நச்சரித்துக்கொண்டிருக்கிறீர்கள். "எட்டாவதில் யாப்பு ஒழுங்காகப் படித்தது நீ ஒருத்திதான், ஐயாவின் கவிதை நுட்பம் பற்றி நாலு வார்த்தை எழுது" என்று நம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் கேட்டீர்கள். அதற்குக் கீழே பதினேழு பேர் கைகூப்பும் படம் போட்டீர்கள். சரி, எழுதுகிறேன். ஒரு பக்கத்தில் அடங்காது. படித்துவிட்டு என்னைக் குழுவிலிருந்து தூக்குவதென்றால் தாராளமாகத் தூக்குங்கள்.

வருஷம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்று. அந்த மே மாதம் ஒரு குண்டுவெடிப்பால் நம் பக்கத்து ஊரின் பெயர் உலகத்துக்கே தெரிந்துபோனது. அதைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் சொல்லப்போவது அதே வருஷம் ஐப்பசி மழையில் நம் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தின் பின்சுவரில் நடந்தது. சுவரில் யாராவது கரியால் எழுதினாலே போலீஸ் வருமோ என்று பெரியவர்கள் நடுங்கிய வருஷம் அது. அதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஐயா. மூங்கில் பிரம்பால் மேசையைத் தட்டித் தட்டி நேர், நிரை சொல்லிக்கொடுப்பார். பிரம்பின் நுனியில் சைக்கிள் டியூப் ரப்பரைச் சுற்றியிருப்பார், அதனால் சத்தம் மொத்தையாக விழும். மேசையில் விழுந்தால் அசை, முதுகில் விழுந்தால் சீர் என்று நாம் சொல்லிச் சிரிப்போம். எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் உடைத்துக் காட்டுவார். அவர் மனைவி கடைக்கு எழுதிக்கொடுத்த சாமான் சீட்டைக்கூட ஒருநாள் அலகிட்டுக் காட்டினார். எனக்கு அவர்மேல் பைத்தியம். எதுகை என்றால் இரண்டாமெழுத்து ஒன்றி வர வேண்டும், மோனை என்றால் முதலெழுத்து, இயைபு என்றால் அடியின் கடைசி. இந்த மூன்றையும் நான் சோற்றில் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்து அவள். சத்துணவு ஆயாவின் மகள். மூன்றாவது பெஞ்சு, சன்னல் ஓரம். உங்களில் பாதிப் பேருக்கு முகம்கூட நினைவிருக்காது. அவளை என் தோழி என்று இப்போது சொல்லிக்கொள்வது எனக்கு வசதியாக இருக்கும். ஆனால் தோழி இல்லை. எனக்கு அவளைப் பிடிக்காது. காரணம் இருக்கிறது.

புரட்டாசியில் தமிழ் மன்றத்தில் மழை பற்றிக் கவிதைப் போட்டி வைத்தார் ஐயா. நான் "வானம் பொழிந்தது, கானம் எழுந்தது, தானம் விளைந்தது" என்று வரிசையாக அடுக்கினேன். தானம் எப்படி விளையும் என்று நானும் யோசிக்கவில்லை, ஐயாவும் கேட்கவில்லை. இரண்டாமெழுத்து ஒன்றியது, எனக்கு முதல் பரிசாக எவர்சில்வர் டம்ளர் கிடைத்தது. அவள் எழுந்து, கையில் தாள்கூட இல்லாமல் சொன்னாள்.

"கூரை ஒழுகுது, பாத்திரம் வை. பாயி நனையுது, பாத்திரம் வை. தம்பி படுக்கணும், பாத்திரம் வை. பாத்திரம் தீந்துச்சி, கைய வை."

அவளுக்குப் பரிசு இல்லை. "கடைசிச் சொல் திரும்பத் திரும்ப வருது, அது இயைபு, சரி. எதுகை எங்க? இது வாய்ப்பாட்டும்மா. எதுகை கத்துக்கிட்டு வா, அப்புறம் பாக்கலாம்" என்றார் ஐயா. ஆனால் அந்த வாரம் முழுக்க நீங்கள் எல்லோரும் "பாத்திரம் வை, பாத்திரம் வை" என்று சொல்லிக்கொண்டு திரிந்தீர்கள். என் வானத்தையும் கானத்தையும் ஒரு நாயும் சீண்டவில்லை. டம்ளரை வீட்டில் கொண்டுபோய்க் கவிழ்த்து வைத்தேன். அதில் தண்ணீர் குடிக்கப் பிடிக்கவில்லை.

நான் சத்துணவு சாப்பிடுகிறவள் இல்லை. அப்பாவுக்குத் தாம்பரத்தில் நிலையான உத்தியோகம், எனக்கு டிபன் பாக்ஸ். சாப்பிட்டுவிட்டுக் கழுவ மட்டும் சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் இருந்த அடிபம்புக்குப் போவேன். தைலமரச் சுள்ளி எரிந்த புகை, கொதித்துத் தீய்ந்த சாம்பார், ஈரச் சாம்பல் எல்லாம் கலந்து அங்கே ஒரு வாசம் அடிக்கும். பிள்ளைகளின் அலுமினியத் தட்டுகள் அடுக்காக இருக்கும். ஒவ்வொன்றிலும் ஆணியால் குத்திக் குத்திப் பெயர் எழுதியிருக்கும். ஆயா அந்தப் பெரிய அண்டாவுக்குள் பாதி உடம்பை நுழைத்துத் தேய்த்துக்கொண்டிருப்பாள்.

தேய்க்கும்போது பாடுவாள். சாம்பாரில் பருப்பு இல்லாததைப் பற்றிய பாட்டு. பருப்பு எங்கே போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். சத்துணவுக் கணக்கும் சாமானும் பார்க்கும் அமைப்பாளர் சாயங்காலம் சைக்கிளை நேராகக் கூடத்து வாசலில் கொண்டுவந்து நிறுத்துவார். போகும்போது கேரியரில் ஒரு பை இருக்கும். யாரும் வாய் திறக்கமாட்டார்கள். ஆயாவும் வெளியில் திறக்கமாட்டாள். அண்டாவுக்குள் தலையை விட்டுக்கொண்டு பாடினால் வெளியில் முனகலாகத்தான் கேட்கும். நான் பக்கத்தில் டிபன் பாக்ஸ் கழுவியதால் எனக்குக் கேட்டது. மூன்று நாளில் எனக்கு மனப்பாடம்.

நல்ல பாட்டு. எரிச்சலூட்டுகிற அளவுக்கு நல்ல பாட்டு. மகளுக்கு அந்தப் "பாத்திரம் வை" எங்கிருந்து வந்தது என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. ஆனால் எதுகை இல்லை. எனக்குக் கை துறுதுறுத்தது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி, மூன்று இடத்தில் சொல்லை மாற்றி, இரண்டாமெழுத்தை ஒன்ற வைத்தேன். வகுப்பு முழுக்க "பாத்திரம் வை" சொன்னதே, அதைவிட என் பாட்டைச் சொல்ல வேண்டும் என்பதுதான் என் ஆசை. பருப்பைப் பற்றியோ பசியைப் பற்றியோ எனக்குக் கவலை இருந்ததாக நீங்கள் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

செவ்வாய்க்கிழமை ஒன்றிய அலுவலகத்திலிருந்து சத்துணவைப் பார்வையிட வருகிறார்கள் என்று கூடத்துக்கு வெள்ளையடித்தார்கள். திங்கட்கிழமை காலை மணி அடிப்பதற்கு முன்னால், தூறலில், நான் அடுப்படியில் கரித்துண்டு பொறுக்கி அந்த வெள்ளைச் சுவரில் எழுதினேன். கையெழுத்து தெரியாமல் இருக்கக் கொட்டை கொட்டையாக எழுதினேன். பம்பில் கையைக் கழுவிக்கொண்டு பிரேயரில் போய் நின்றேன். சுவரில் இருந்தது இதுதான்:

பருப்பு வந்துச்சே, எங்க போச்சு?
பாதி வழியில பறந்து போச்சு.
செருப்பு மாட்டிக்கினு எங்க போச்சு?
சைக்கிளு மேல சாஞ்சு போச்சு.
நெருப்பு எரிஞ்சுதே, எங்க போச்சு?
தண்ணி மட்டும் தளும்பிப் போச்சு.
திருப்பிக் கேட்டா வேல போச்சு.
என்புள்ள பசியும் எங்க போச்சு?

பத்து மணிக்குள் பள்ளிக்கூடம் முழுக்க "எங்க போச்சு, எங்க போச்சு." எனக்கு உச்சி குளிர்ந்தது. பதினொரு மணிக்குத் தலைமையாசிரியர் நம் வகுப்புக்குள் நுழைந்தார். ஐயா பாடம் நடத்திக்கொண்டிருந்தார். தலைமையாசிரியர் குரலைத் தணிக்கவில்லை. பிள்ளைகள் இருக்கிறார்களே என்ற நினைப்பே அவருக்கு வராது.

"அந்த ஆயாதான் சார் இது. வேல போச்சுங்குது, என் புள்ளங்குது. வேற யாரு இருக்கா? நாளைக்கு அதிகாரி வர்ற நேரத்துல இன்னா திமிரு! மத்தியானத்தோட நிறுத்திடறேன்."

சன்னல் ஓரத்தில் அவள் நிமிர்ந்ததைப் பார்த்தேன். அந்த வீட்டில் அப்பா இல்லை. ஆயா வேலைதான் அடுப்பு எரிய வைத்தது. மத்தியானத்தோடு அது போகப்போகிறது.

ஐயா சிரித்தார். இன்றைக்கும் அந்தச் சிரிப்பு என் காதில் இருக்கிறது. "சார், அந்தம்மாவுக்குக் கைநாட்டுதான்."

"வேற யாரையாச்சும் வெச்சு எழுதியிருக்கும்."

"எழுத்த விடுங்க சார், பாட்டப் பாருங்க. பாட்டே சொல்லும் யார் எழுதுனதுன்னு" என்று சொல்லி என்னைக் கூப்பிட்டார். "நீ வா. போர்டுல எழுதி அலகிட்டுக் காட்டு, சார் பாக்கட்டும்."

நான் எழுதியதை நானே கரும்பலகையில் எழுதினேன். அப்புறம் பாடம் வந்து உட்கார்ந்துகொண்டது. பருப்பு, புளிமா. வந்துச்சே, தேமாங்காய். எங்க போச்சு, தேமா தேமா. ஐயா மேசையைத் தட்டினார். அடிக்கு நாலு சீர். "பாதி வழியில பறந்து" என்பதில் ஒன்றாம் சீரும் மூன்றாம் சீரும் ப, பொழிப்பு மோனை. "தண்ணி மட்டும் தளும்பி", அதுவும் அப்படியே. அடிக்கடைசி எட்டிலும் போச்சு, இயைபு. பிறகு சிவப்புச் சாக்பீஸ் வாங்கி, பருப்பு, செருப்பு, நெருப்பு, திருப்பி என்று நாலு "ரு"வுக்கும் வட்டம் போட்டேன். "ஓரடி விட்டு ஓரடி எதுகை, ஐயா." என் குரலில் பெருமை வழிந்தது. நீங்கள் கேட்டிருப்பீர்கள்.

"பாத்தீங்களா சார்?" என்றார் ஐயா. "நடவு வயல்ல எவ்வளவோ பாட்டுக் கேட்டிருக்கேன். போச்சு போச்சுன்னு கடைசில வரும், மோனையும் தன்னால விழும். ஆனா இரண்டாமெழுத்து நாலு இடத்துல காவல் நிக்குது பாருங்க, இது படிச்ச கை. ஆயாவுக்கு சாகற வரைக்கும் வராது. இது என் வகுப்புல உக்காந்து படிச்ச கை."

"அப்ப யாரு?"

ஐயா என்னைப் பார்த்தார். "நீ இல்ல. உனக்கு எதுகை வரும். இந்தப் போச்சு போச்சு உனக்கு வராது" என்றார். பிறகு சன்னல் பக்கம் திரும்பினார். "போன மாசம் நான் ஒருத்திகிட்ட எதுகை கத்துக்கிட்டு வான்னு சொன்னேன். கத்துக்கிட்டு வந்து சுவத்துலயே காட்டியிருக்கு."

நாற்பத்திரண்டு தலைகள் சன்னல் பக்கம் திரும்பின. உங்கள் தலைகள்தான்.

அவள் எழுந்து நின்றாள். கரும்பலகையைப் பார்த்தாள். அந்தச் சிவப்பு வட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"நான்தான் சார்" என்றாள்.

"உங்கம்மா சொல்லிக்குடுத்தாளா?" என்றார் தலைமையாசிரியர்.

"இல்ல சார். அம்மாக்கு எதுகைலாம் தெரியாது சார்."

ஐயா தலைமையாசிரியரைப் பார்த்துத் தலையாட்டினார், வென்றுவிட்ட தலையாட்டல். இதில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஐயா கெட்ட மனிதர் இல்லை. ஓர் ஏழைப் பெண்ணின் வேலையைக் காப்பாற்றியதாகத்தான் அவர் நம்பினார். இன்றைக்கும் நம்புவார். மகளுக்கு நாலு அடி போட்டு விட்டுவிடுவார்கள் என்று நினைத்திருப்பார். அத்தனை அசையும் அத்தனை சீரும் பார்த்தவர் "என்புள்ள பசி" என்று ஒரு பதிமூன்று வயதுப் பெண் ஏன் எழுத வேண்டும் என்று கேட்கவில்லை. தலைமையாசிரியருக்குக் கவிதையே தெரியாது, அது ஒரு தாயின் பாட்டு என்று அவருக்கு முதலிலேயே தெரிந்திருந்தது.

ஆனால் தலைமையாசிரியர் நாலு அடியோடு விடவில்லை. காரணம், மூன்றாவது அடி. "திருடுனான்னு எழுதியிருந்தாகூட மன்னிப்பேன். பெரிய மனுஷனப் பத்திப் பேசற எடத்துல செருப்புன்னு எழுதற கை இந்தப் பள்ளிக்கூடத்துல இருக்கக் கூடாது" என்றார். அந்தச் சொல் ஆயாவின் பாட்டில் இல்லை. பருப்போடு எதுகையாக நான் தேடிப் பிடித்துப் போட்டது.

கூடத்திலிருந்து ஆயாவைக் கூப்பிட்டார்கள். கையெல்லாம் சாம்பலோடு ஓடி வந்தாள். விஷயத்தைச் சொன்னதும் ஒரு நிமிஷம் மகளையே பார்த்தாள். பிறகு அடித்தாள். அந்த ஈரக் கையால் முதுகிலும் கன்னத்திலும் மாறி மாறி விழுந்தது. "ஏன்டி செஞ்ச? ஏன்டி செஞ்ச?" என்பதைத் தவிர வேறு சொல் வரவில்லை. மகள் அழவில்லை. அவள் சட்டையில் அம்மாவின் விரல்கள் சாம்பலாகப் பதிந்திருந்தன. அமைப்பாளர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அன்றே டி.சி. எழுதினார்கள். நடத்தை என்ற இடத்தில் திருப்தியில்லை என்று போட்டார்கள். அதை வைத்துக்கொண்டு படப்பைப் பக்கம் ஒரு பள்ளியும் அவளைச் சேர்க்கவில்லை.

எனக்குச் சின்ன வயது, பயந்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்கலாம். பயமும் இருந்தது. ஆனால் அந்த நிமிஷம் என்னைச் சுட்டது வேறு. "உனக்கு வராது" என்று ஐயா சொன்னாரே, அது. நான்தான் எழுதினேன் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. அவளைக் காப்பாற்ற இல்லை, பாராட்டு வாங்க. அப்படி ஒரு பிறவி நான். நீங்கள் மட்டும் என்ன? ஆயா அண்டாவுக்குள் பாடுவதை என்னைத் தவிர வேறு யாருமே கேட்டதில்லையா? சத்துணவு வரிசையில் நின்றவர்கள் உங்களில் இருபது பேராவது இருப்பீர்கள்.

செவ்வாய்க்கிழமை சுவர் மறுபடி வெள்ளையாக இருந்தது. அதிகாரி வந்தார். அன்றைக்குச் சாம்பாரில் கரண்டி நிற்கிற அளவுக்குப் பருப்பு. அவளுடைய அலுமினியத் தட்டு அடுக்கிலேயே கிடந்தது. பத்தாவது முடிக்கும்வரை நான் டிபன் பாக்ஸ் கழுவப் போகும்போதெல்லாம் பார்ப்பேன், ஆயா மற்றத் தட்டுகளோடு அதையும் சேர்த்துக் கழுவிக் கவிழ்ப்பாள். பாட்டை நிறுத்திவிட்டாள்.

வயது போதாததால் அவள் தன் அக்காவின் வயதைத் தன் வயதாகச் சொல்லி, தாம்பரம் பக்கம் சட்டை தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனியில் நூல் வெட்டச் சேர்ந்தாள் என்று கேள்விப்பட்டேன். "கவிதை வர்ற கை, வீணாப் போச்சு" என்று ஐயா ஒருநாள் வகுப்பில் சொன்னார். நாம் எல்லோரும் உச்சுக்கொட்டினோம்.

நான் இப்போது ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறேன், உங்களுக்குத் தெரியும். அளவு சரியில்லாததைத் தள்ளுவது என் வேலை. ஆறு வருஷத்துக்கு முன் கேன்டீன் கான்ட்ராக்ட் மாறியது. முதல் ஷிப்டு சாப்பாட்டு வரிசையில் நிற்கிறேன், சாம்பார் ஊற்றுகிற இடத்தில் அவள். தலையில் வலைத்தொப்பி, கையில் கரண்டி. அவள் ஊற்றினாள், நான் நகர்ந்தேன். இப்படியே ஒரு மாதம் ஓடியது. ஒருநாள் கூட்டம் குறைந்திருந்தபோது கேட்டேன்.

"என்னை அடையாளம் தெரியுதா?"

"தெரியாம இன்னா? தட்ட நீட்டு."

"அந்தப் பாட்டைச் சுவத்துல எழுதினது நான்தான்."

"தெரியும்."

"எப்படி?"

"ருப்பு ருப்புன்னு வரிசையா அடுக்கறது நம்ம கிளாஸ்ல வேற யாரு? வானம், கானம், தானம். நீ வட்டம் போட்டப்பவே தெரிஞ்சுபோச்சு. ஐயாவுக்குத்தான் தெரியல."

ஐயா மேசை தட்டித் தட்டிக் கண்டுபிடிக்காததை அவள் நின்ற இடத்திலிருந்தே கண்டுபிடித்திருக்கிறாள். பாட்டில் இரண்டு கை இருக்கிறது, ஒன்று அம்மாவுடையது, இன்னொன்று என்னுடையது என்று.

"அப்ப ஏன் என்னைச் சொல்லல?"

"உன்ன சொன்னா, பாட்டு எங்கிருந்து வந்துச்சுன்னு உன்ன கேப்பாங்க. நீ எங்கம்மாவ கை காட்டுவ. காட்டியிருப்பல்ல?"

காட்டியிருப்பேன். அதைச் சொல்லாமல் அடுத்ததைக் கேட்டேன்.

"அம்மாகிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நேரா ஹெச்.எம். சாராண்ட போயி பாட்டு என்துதான்னு நின்னுருக்கும். அதோட வேல போவும். அப்புறம் நான் இன்னாத்துக்கு நின்னேன்? ரெண்டு வருஷம் ஆவுது அம்மா போயி. சாவற வரைக்கும் நான்தான் எழுதுனேன்னு நெனச்சுகினு இருந்துச்சு. பாட்டு எழுதுன, சரி, நான் பாடாத செருப்ப ஏன்டி உள்ள வுட்டன்னு கேட்டுகினே இருக்கும்."

பின்னாலிருந்து யாரோ "அக்கா, சாம்பார்!" என்று கத்தினார்கள்.

"நான் இப்ப என்ன செய்யணும்?" என்றேன். கேட்கும்போதே வெட்கமாக இருந்தது.

"ஒண்ணும் வாணாம். எங்கனா அந்தப் பாட்ட எழுதுனா, அந்தச் செருப்ப எடுத்துட்டு எழுது. நவுரு, லைன் நிக்குது."

போன மாதம் அவளைக் குழுவில் சேர்க்கச் சொல்லிக் கேட்டேன். பத்தாவது ஒன்றாக எழுதியவர்கள் மட்டும்தான் நம் பேட்ச் என்று பதில் போட்டீர்கள். அதற்கும் கைகூப்பும் படங்கள் விழுந்தன. அந்தப் பதிலைப் படித்த அன்று வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. என்மேல் எனக்கு இருக்கும் ஆத்திரத்தில் உங்களுக்கும் ஒரு பங்கு தரத்தான் இதை எழுதினேன்.

மலரில் என் கட்டுரையைப் போட்டாலும் சரி, கிழித்தாலும் சரி. கீழே இருக்கும் பாட்டை மட்டும் போடுங்கள். என் கையால் நான் தள்ளிய மூன்று இடங்களையும் பழையபடி வைத்திருக்கிறேன். "வாயத் தொறந்தா வேல" என்பதில் வாவும் வேவும் எவ்வளவு அழகாக நின்றன, அதைக் கெடுத்துத்தான் எதுகை போட்டிருக்கிறேன். ஐயாவுக்கு விழா மேடையில் யாராவது படித்துக் காட்டுங்கள், அலகிட்டுப் பார்க்கட்டும். பாடியவர் என்ற இடத்தில் சத்துணவு ஆயா என்று போடுங்கள். ஒரு சொல்லையும் திருத்த வேண்டாம்.

பருப்பு வந்துச்சே, எங்க போச்சு?
பாதி வழியில பறந்து போச்சு.
கால் மொளச்சுதா, எங்க போச்சு?
சைக்கிளு மேல சாஞ்சு போச்சு.
அடுப்பு எரிஞ்சுதே, எங்க போச்சு?
தண்ணி மட்டும் தளும்பிப் போச்சு.
வாயத் தொறந்தா வேல போச்சு.
என்புள்ள பசியும் எங்க போச்சு?